அறையை விட்டுப் போகாத வாக்கியம்

குன்னூரில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் நடக்கும் கணினி வகுப்பில், பயிற்சியாளர் ஜஸ்டஸ் ஒரு மழைக்காலத்தில் சொன்ன வாக்கியம் இன்னும் அந்த அறையை விட்டுப் போகவில்லை. பாடம் தொடங்கிச் சற்று நேரத்தில், போர்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவிலிருந்து அவர் குரலிலேயே கேட்கும்: “கேரட் கழுவுற கைக்கு கீபோர்டு எதுக்கும்மா?”

அது புஷ்பவல்லிக்குச் சொன்னது. பக்கத்து ஊரான கேத்தியில் விடியற்காலையில் கேரட் கழுவிவிட்டு, குளிரில் சிவந்த கையோடு பஸ் பிடித்து வருபவள். லூப் என்றால் ஒரே கட்டளை திரும்பத் திரும்ப நடப்பது என்று ஜஸ்டஸ் விளக்கியபோது, “அது எப்பங்க சார் நிக்கும்?” என்று கேட்டாள். சொன்னார். புரியாமல் மறுபடி கேட்டாள். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னார். வகுப்பு சிரித்தது, அவரும் சிரித்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். சிரிப்பு அன்றே அடங்கிவிட்டது. வாக்கியம் தங்கிவிட்டது.

ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். பனிமூட்டம் உள்ளே வந்ததே தவிர வாக்கியம் வெளியேறவில்லை. கரண்ட் போன நாட்களில் இன்னும் தெளிவாகக் கேட்டது. குந்தா மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஏழுமலையை வரவழைத்தார்கள். அவர் ஒயர்களையெல்லாம் பார்த்துவிட்டு, “லைன்ல கோளாறு இல்லீங்க. குரல் உங்களுதுதானுங்களே?” என்றார். ஒருநாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி எல்சா அதைக் கேட்டாள். டிபன் பாக்ஸை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அவர் அதைத் திறக்கவில்லை. கேத்திக்குப் பஸ் ஏறினார்.

கேரட் மூட்டைகளுக்கு நடுவே, எல்லோரும் பார்க்க, “தப்புப் பண்ணிட்டேன். நான் சொன்னது இன்னும் அந்த ரூம்ல கேட்டுக்கிட்டே இருக்கு. திரும்ப வாம்மா. நீ வந்தா அது போயிரும்” என்றார்.

புஷ்பவல்லி கையைத் துடைத்துக்கொண்டாள். “நான் அத வெளிய அனுப்பறதுக்கு வரோணுங்களா, படிக்கறதுக்கு வரோணுங்களா?”

“படிக்க” என்றார் ஜஸ்டஸ்.

திங்கட்கிழமை வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். வாக்கியம் வழக்கம்போல் கேட்டது. சாக்பீஸோடு தலைகுனிந்து நின்றவரிடம், அது முடிந்ததும், “மேல சொல்லுங்க சார்” என்றாள்.

படிப்பை முடித்து அவள் கோயமுத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வாக்கியம் போகவில்லை. புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாள் திடுக்கிட்டு, “அது யாருங்க சார்?” என்று கேட்பார்கள்.

“நான்தான்” என்பார் ஜஸ்டஸ். பிறகு பாடம் நடக்கும்.