ரொட்டிக்கு முன் ஒரு சொல்

சனிக்கிழமை காலையில் மகளின் குடும்பத்தோடு வேற்றூருக்குக் குடிபெயர வேண்டியிருந்த தையற்கார அம்மாளுக்கு, மூட்டை முடிச்சுகளைவிடப் பெரிய கவலை ஒன்று மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. போவதற்குள் பழைய தோழி அட்ஜெக்டிவை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும்.

"பேரே தெரியாம எப்படிம்மா ஃப்ரெண்டா இருந்தீங்க?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். சுருக்கமான விடைதான் அவரிடம் இல்லை.

இளவயதில் அவர் ஒரு சலவைக்கடையின் மாடியில் நடந்த மாலைநேர ஆங்கில வகுப்புக்குப் போய்வந்தார். உண்மையில் அதில் சேர்ந்தவர் அவருடைய அக்காள். அக்காளுக்கு வேறிடத்தில் வேலை கிடைத்துவிடவே, இடம் வீணாகக் கூடாதென்று தங்கை போய் உட்கார்ந்தார். அக்காளின் பெயரைச் சொல்லியே அழைத்துவந்த மாஸ்டர், விஷயம் தெரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். "பேருக்குப் பதிலா வர்றது புரோனவுன். அப்ப நீ புரோனவுன்மா" என்றார். மற்றவர்களுக்கும் ஆசை வந்து, ஆளுக்கொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஓரிடத்தில் நில்லாத பஸ் டிரைவர் வெர்ப் ஆனார். எதற்கெடுத்தாலும் 'ஐயோ' என்று நெஞ்சில் கைவைக்கும் முடிதிருத்துபவர் இன்டர்ஜெக்‌ஷன். ரொட்டிக்கடைக்காரர் நவுன். இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஆஸ்பத்திரிச் சமையற்காரிக்குத் தேநீரை வெறும் தேநீர் என்று சொல்லத் தெரியாது. அது கொதிக்கிற தேநீர், கசக்கிற தேநீர், போனால் போகிறதென்று கொடுத்த தேநீர். அவளுக்கு அட்ஜெக்டிவைத் தவிர வேறு எது பொருந்தும்? அந்த அறையில் அதற்குப் பிறகு யாருக்கும் சொந்தப் பெயர் தேவைப்படவில்லை.

வகுப்பு முடியும் வேளையில் மாஸ்டர் எல்லோரையும் சுவரோரம் வரிசையாக நிறுத்துவார். ஆளுக்கொரு சொல் சொல்லி ஒரு வாக்கியத்தைக் கட்டி முடித்தால்தான் வீட்டுக்குப் போகலாம். மாவு ஒட்டிய கையோடு வந்து நிற்கும் நவுனுக்கு 'பிரெட்' தவிர வேறு சொல் வாயில் வராது. ஆகவே, ரொட்டிக்கு முன்னால் நாளுக்கொரு சொல் தேடும் பாரம் அட்ஜெக்டிவின் தலையில் விழுந்தது. ஹாட் பிரெட், சாஃப்ட் பிரெட் எல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோயின. பிறகு சேட் பிரெட் என்று ஒரு சோகமான ரொட்டி வந்தது. ஒருநாள் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு ஆனஸ்ட் பிரெட் என்றாள்.

"நேர்மையான ரொட்டியா? அது எங்க கடையில கிடைக்காதே" என்று நவுனே சொல்ல, மாஸ்டர் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை மாடிக் கதவு பூட்டிக் கிடந்தது. மாஸ்டருக்கு மாற்றலாகிவிட்டது என்றார்கள். அடுத்த வாரம் வேறு யாராவது வந்து திறப்பார்கள் என்று நம்பி, படியிறங்கி, அவரவர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். கதவு திறக்கவேயில்லை.

ஊரைவிட்டுப் போவதற்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை மதியம், தையற்கார அம்மாள் அந்தத் தெருவுக்குப் போனார். மாடியில் யாரோ அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கீழே சலவைக்கடை மட்டும் அப்படியே இருந்தது. பழைய முதலாளியின் மகன் தலை நரைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அம்மாள் மிகுந்த தயக்கத்துடன் விவரம் சொல்லி, அந்தப் பெயரையும் சொன்னார். கடைக்காரர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அப்ப புரோனவுன் நீங்கதானா?"

அம்மாள் தலையாட்டினார்.

"அவங்க துணி போட வரும்போதெல்லாம் உங்களக் கேப்பாங்கம்மா. ரெண்டு பஸ் மாறி வர்றாங்க. உங்க பக்கம் இஸ்திரிக்கடையே இல்லையான்னு கேட்டா, இருக்கு, ஆனா அதுக்கு மாடி இல்லைம்பாங்க."

அலமாரியில் இருந்த ஒரு துணிக்கட்டைக் காட்டி, இன்று எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள், ஆனால் சொன்ன நாளில் வருகிற வழக்கம் அவளுக்கு இல்லை என்றார். கட்டில் குத்தியிருந்த சீட்டில் பெயர் இருப்பதாகச் சொல்லி எடுக்கப்போனவரை அம்மாள் அவசரமாகத் தடுத்தார்.

"வேண்டாம் தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. அத அவகிட்டயே கேட்டுக்கறேன்."

பெஞ்சில் உட்கார்ந்தார். வெயில் வாசலைவிட்டு நகர்ந்து எதிர்ச்சுவரில் ஏறியது. மகள் போன் செய்து, சாமான் வண்டிக்காரர் வந்துவிட்டதைச் சொன்னாள். உள்ளே வந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் அம்மாள் ஏறிட்டுப் பார்த்து, மரியாதையாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டார். கடைக்காரர் ஷட்டர் கம்பியைக் கையில் எடுத்தபோதுதான், மூச்சுவாங்கிக்கொண்டு பருத்த உருவம் ஒன்று உள்ளே வந்து சண்டையைத் தொடங்கியது.

"என்னப்பா, போன தடவ என் அழகான, அருமையான, ஒரே ஒரு நீலப் போர்வைய இப்படிப் பரிதாபமா மடிச்சு வெச்சுட்டே?"

தையற்கார அம்மாள் எழுந்து நின்றார். 

"பிரெட்" என்றார் மெல்ல.

கட்டை வாங்க நீண்ட கை அப்படியே நின்றது. திரும்பாமலே அந்தக் குரல் சொன்னது: "ஸ்டேல்." பிறகு அட்ஜெக்டிவ் திரும்பி, மேலும் கீழும் பார்த்தாள். "என் பழைய, காய்ஞ்சுபோன ரொட்டியே, இத்தனை வருஷமா எந்த அலமாரியிலடி இருந்தே?"

கடை சாத்திய பிறகும் இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து, முழங்கால் வலி முதல் மாஸ்டரின் குடை வரை பேசித் தீர்த்து, கைப்பேசி எண்களையும் மாற்றிக்கொண்டார்கள்.

மறுநாள் வண்டி ஊரைத் தாண்டும்போது மகள், "கடைசில அவங்க பேர் என்னம்மா?" என்று கேட்டாள். அம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கேக்க மறந்துட்டேன்டி."

மகள் தலையிலடித்துக்கொண்டு சிரிக்கையில், அம்மாளின் கைப்பேசி மினுக்கியது. அட்ஜெக்டிவ் அனுப்பியிருந்தாள்: ஹாட் பிரெட்.

முதல் வாரத்துச் சொல். அப்படியென்றால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள்; தீர்ந்துபோக நாளாகும்.