மூன்றில் நிற்கும் ரெகுலேட்டர்

குளியலறையிலிருந்து வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தவரைக் கட்டிலில் படுக்க வைத்தேன்.

"ஃபேன் போடட்டுமா?"

"இப்போ வேண்டாம், சிலுசிலுன்னு இருக்கு. வேணும்னா நானே போட்டுக்கறேன். இது எதுக்கு இருக்கு?" என்று ரிமோட்டை ஆட்டிக் காட்டினார் என் கணவர் சந்திரமௌலி. நான் வெளியே பூட்டிக்கொண்டு, அவருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்க ஆழ்வார்பேட்டைக்குக் கிளம்பினேன்.

முட்டி ஆபரேஷன் ஆனவர் அடிக்கடி எழுந்திருக்கக் கூடாதென்றுதான் ரிமோட் ஃபேன் மாட்டினோம். எலக்ட்ரீஷியன் அன்வர் பாஷா பழைய ரெகுலேட்டரின் ஒயரைக் கழற்றி, ஃபேனை நேராக ஸ்விட்சோடு இணைத்தார். ரெகுலேட்டரும் ரிமோட்டும் சேர்ந்தால் ஃபேன் கெட்டுவிடுமாம். குமிழையும் எடுத்துவிடவா என்று கேட்டார். போர்டில் ஓட்டை தெரியும், இருக்கட்டும் என்றார் இவர். அது இவர் எப்போதும் வைக்கும் மூன்றிலேயே நின்றது.

"இந்த சுச்சை மட்டும் யாரும் தொடாதீங்க சார். இது ஆஃபாச்சுன்னா ரிமோட் வெறும் பொம்மைதான்."

ஸ்விட்சின்மேல் கறுப்பு டேப்பையும் ஒட்டிவிட்டுப் போனார் பாஷா. மறுநாளே இவர் பிய்த்துப் போட்டார். ஆளில்லாத அறையில் ஸ்விட்ச் போட்டிருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் இவர் போட்ட சட்டம். வாக்கரோடு வெளியே போகும்போதும் கை தானாகச் சுவருக்குப் போய்விடும். பின்னாலேயே போய் நான் போட்டு வைப்பேன். ரிப்போர்ட் வாங்கப் போன அன்று, அவர் குளிக்க வெந்நீர் விளாவிக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவில்லை.

திரும்பி வரும்போது, லஸ் அருகில், போன் வந்தது.

"நீரஜா, ரிமோட் வேலை செய்யலை. வேர்த்துக் கொட்டறது."

"பேட்டரியை நன்னா அமுக்கிப் பாருங்கோ."

"அமுக்கியாச்சு." பிறகு சிரித்தார். "அடடா, சுவத்து ஸ்விட்சு! நான்தான் அணைச்சிருக்கேன். பாஷாகிட்ட சொல்லித் தொலைக்காதே."

"எழுந்துக்காதேங்கோ. லஸ்லதான் இருக்கேன், இதோ வந்துடறேன்."

"நாலடி தூரம்டி."

"ஏன்னா, வேண்டாம்!"

"சரி சரி, கத்தாதே."

ஆட்டோ நகரவில்லை.

"இன்னாமா பண்றது? ரோட்டையே தோண்டி வெச்சிகீறாங்கோ. பறந்தா போவ முடியும்?" என்றார் டிரைவர்.

மறுபடி அழைத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பக்கத்து ஃபிளாட் ஷ்ரேயாவை அழைத்துக் கதவைத் தட்டச் சொன்னேன்.

"மாமி, உள்ள சத்தமே இல்லையே. சாவி எங்க?"

சாவி என் கைப்பையில் இருந்தது. கதவைத் திறக்கக்கூட அவர் எழுந்து வர வேண்டாமென்றுதான் பூட்டிக்கொண்டு வந்தேன். இறங்கி, தகரத் தடுப்புகளை ஒட்டி ஓடினேன். எதிரே வந்தவர்கள் வழிவிட்டார்கள். இருந்தும் என்ன, என் கால்களுக்கு அவ்வளவுதான் வேகம்.

வாக்கருக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். தலை பீரோ விளிம்பில் பட்டிருந்தது. ஸ்விட்ச் இன்னும் அணைந்தேதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவர் கண் திறக்கவேயில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு பாஷா வந்தார். ஸ்விட்சைச் சுற்றி டேப்பின் பசையில் படிந்திருந்த தூசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த ரெகுலேட்டரை எடுத்துட்டு மூடி போட்டுத் தரட்டாம்மா? சும்மாதான கீது."

"இருக்கட்டும்," என்றேன்.

மூன்றில்தான் நிற்கிறது.