பனாமா லிஸ்ட்டில் இல்லை

காசிமேட்டு இக்னேஷியஸ் பல நாடுகளுக்குப் போய் வந்தவர். பாஸ்போர்ட் கிடையாது. துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறியும் முட்டையும் ஏற்றுவது அவர் வேலை. எந்தக் கப்பலில் எந்த நாட்டுக் கொடி பறக்கிறதோ, அதன் தளம் அந்த நாட்டு மண் என்று எந்தக் காலத்திலோ ஒரு கேப்டன் சொல்லிவிட்டுப் போனான். இக்னேஷியஸ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பனாமாவில் ஏணிப்படி செங்குத்து என்பார். லைபீரியாவில் எங்கே பார்த்தாலும் பூண்டு வாசனை என்பார். கிரீஸில் ஒரு பூனை பிராண்டிய தழும்பு முழங்கையில் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்.

இதில் அவருக்கு ஒரு கறார் உண்டு. கால் வைக்காத நாட்டின் பேரை எடுக்க மாட்டார். அமெரிக்கா எப்படி என்று யாராவது கேட்டால், "போனதில்ல நைனா, போவாம இன்னாத்த சொல்றது?" என்று கையை விரித்துவிடுவார்.

மனைவி வியாகுலம்மாள் இதில் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. "இந்த ஆளு மீஞ்சூர் தாண்டுனதில்ல" என்று தெருவில் வைத்தே சொல்வாள். பொய் சொன்னால் பூசையில் நாக்கில் நற்கருணை அப்பம் வாங்க முடியாது என்பது அவள் கணக்கு.

2020 மார்ச்சில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கூடவே வறட்டு இருமல். பிறகு குழாயடியிலிருந்து வீட்டு வாசலுக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். வீடு என்பது ஒரே ரூம். அதில் மகள் ஜானட் நிறைமாதமாகப் படுத்திருந்தாள், பிரசவத்துக்கு வந்தவள். திருவொற்றியூரில் மாமியார் வீடு இருக்கிறது. ஆனால் வெறும் இருமலுக்குப் பயந்து மகளைத் திருப்பி அனுப்பினார்கள் என்று பேச்சு வரக்கூடாது. உண்மையிலேயே அந்த நோய்தானா என்று தெரிந்தாக வேண்டும்.

அதே தெரு ஜெயவேலின் ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஜெயவேல் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தான்.

"ஏரோப்ளேன்ல வந்தவனுக்குத்தான் டெஸ்ட்டாம் மாமு. மத்தவனுக்கு மாத்திரை குடுத்து அனுப்பிடுறாங்களாம். கிருமி இன்னா டிக்கெட் எடுத்துகினா வருது?"

"நம்ம கைல டிக்கெட் இல்லன்னு உனுக்கு யாரு சொன்னது?" என்றார் இக்னேஷியஸ்.

வியாகுலம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள்.

காய்ச்சல் பிரிவில் இருந்தது நவ்ரீன் என்ற இளம் டாக்டர். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களில் தூக்கமில்லை. வியாகுலம்மாளின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்தாள். பார்த்தது பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

"வெளிநாடு போய்ட்டு வந்தீங்களாம்மா? போய்ட்டு வந்தவங்க யாராவது வீட்ல இருக்காங்களா? ரெண்டுல ஒண்ணு இருந்தாத்தான் டெஸ்ட் எடுக்க முடியும். கிட் கொஞ்சமாத்தான் வருது."

இக்னேஷியஸ் இந்தக் கேள்விக்காகத்தான் பிறந்தவர்போல எழுந்து நின்றார்.

"நான் போனேன் டாக்டரம்மா. பனாமா. போன வாரம்தான். அதுக்கு முன்னாடி லைபீரியா."

"எவ்ளோ நாள் தங்குனீங்க?"

"முட்டை எறக்குற வரிக்கும்."

டாக்டர் அவரைப் பார்த்தாள். கதை முழுவதும் வெளியே வந்தது: கொடி, கேப்டன், ஏணிப்படி. அவள் சிரிக்கவில்லை. திரும்பிச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள்.

"பனாமா இந்த லிஸ்ட்ல இல்ல ஐயா. சீனா, இத்தாலி, ஈரான்... இந்த மாதிரி எங்கயாவது போயிருக்கீங்களா?"

ஒரே ஒரு சொல் போதும். தெருவே அண்டப்புளுகன் என்று பேர் வைத்த மனிதருக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. இத்தாலியக் கப்பல் ஒன்று வந்ததுதான். ஆனால் அன்றைக்கு அவருக்குப் பல்வலி, வேறொருவன் ஏறினான்.

"ஏறல டாக்டரம்மா" என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. வியாகுலம்மாள் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, உங்களை ஒண்ணு கேக்கறேன். நிதானமா யோசிச்சு சொல்லுங்க. இவர் எங்கயும் போகலையா?"

வியாகுலம்மாள் கழுத்தில் கிடந்த ஜெபமாலையைக் கழற்றி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள், மாதா காதில் விழாமல் இருக்க.

"இத்தாலி போனாரு" என்றாள்.

"நானா? எப்ப மே?" என்றார் இக்னேஷியஸ், நிஜமாகவே அதிர்ந்துபோய்.

"இந்த ஆளுக்கு மறதி டாக்டரம்மா. போயி பெரிய கோயிலெல்லாம் பாத்துட்டு வந்தாரு. வந்ததுலருந்து..." இருமல் வந்து மிச்சத்தை முடித்துவைத்தது.

"பாஸ்போர்ட்?"

"வூட்ல கீது" என்றாள் வியாகுலம்மாள்.

டாக்டர் எழுதினாள். மூக்குக்குள் குச்சி போனது. அன்றே வார்டில் படுக்கை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியே சேர்த்துக்கொண்ட பிறகு பேச்சு வராது. ஜெயவேல் நேராகத் திருவொற்றியூர் மாமியார் வீட்டுக்குப் போய் ஜானட்டுக்கு இடம் கேட்டான். அவர்கள் மறுபேச்சில்லாமல் மாடியறையை ஒழித்துக் கொடுத்தார்கள்.

இரண்டாம் நாள் முடிவு வந்தது. அந்த நோய்தான்.

இக்னேஷியஸ் வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அவர் உள்ளே தனியாக இருந்தார். மாநகராட்சியிலிருந்து ஒருவர் போன் செய்து, யார் யாரோடு பழகினீர்கள், அவர்களுக்கெல்லாம் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார். இந்தச் செய்தி எப்படியோ தெருவுக்குப் போய்விட்டது. அதுவரை இருமலை முந்தானைக்குள் அமுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இக்னேஷியஸைப் போனில் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"அண்ணே, அன்னிக்கு எங்கூட்டுக்கு நீதான் முட்டை குடுத்த, ஞாபகம் கீதா?" என்றாள் எதிர்வீட்டுப் பதுருன்னிசா. குரல் கம்மியிருந்தது.

"குடுத்தேன், குடுத்தேன்" என்றவர், மாநகராட்சிக்காரரிடம் அவள் பேரைச் சொல்லிவிட்டார். அது நடந்ததுதான்.

ராத்திரி வியாகுலம்மாள் வார்டிலிருந்து பேசினாள். ஆக்சிஜன் குழாயை எடுத்துவிட்டார்களாம்.

"சாமியார் போன் பண்ணாரு, ஃபாதர் பிராங்கிளின். நான் இத்தாலி சமாச்சாரத்த சொல்லிட்டேன்."

"திட்டுனாரா?"

"போன்ல பாவத்த சொன்னா பாவசங்கீர்த்தனம் செல்லாதுன்னாரு. அப்பால, அவுருக்கும் மூணு நாளா இருமலாம். ஆஸ்பத்திரில டெஸ்ட் கேட்டதுக்கு, பூசை வெக்கறவரு எந்த நாட்டுக்குப் போனாருன்னு கேட்டாங்களாம், எடுக்கல. நற்கருண நான் அவுரு கையாலதானே வாங்குனேன்? உன் லிஸ்ட்ல சேத்துடு."

"வாங்குனது நீ. லிஸ்ட்டு என்னுது. நான் கோயிலுக்குப் போயி வருசமாவுதே மே."

"போன மனுசன் மாதிரி சொல்லுய்யா" என்று வைத்துவிட்டாள்.

காலையில் மாநகராட்சிக்காரர் கூப்பிட்டார். இன்னும் யாராவது உண்டா?

"ஃபாதர் பிராங்கிளின்."

"எங்க பாத்தீங்க?"

இக்னேஷியஸ் தொண்டையைச் செருமினார்.

"கோயில்ல. இத்தாலிலருந்து வந்த அன்னிக்கு, நேரா."

கால் வைக்காத இத்தாலியையும் போகாத கோயிலையும் ஒரே மூச்சில் சொன்னது அதுதான் முதல் தடவை. போனை வைத்த பிறகு தொண்டை கரகரத்தது. பயந்துபோய் ஒரு சொம்பு வெந்நீர் குடித்தார்.