இத்தா நாளில் வந்த மீன்

ஹனீப் இறந்த நாற்பத்தோராம் நாள், சனிக்கிழமை காலை, பழவேற்காட்டு ரங்கசாமி ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்து வாசலில் நின்றார். வாளியின் வாயை ஈரத் துணியால் கட்டியிருந்தார். உள்ளே ஒரு மீன் இருந்தது.

குல்சும் இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். துணைக்கு ஹனீபின் அக்கா நசீரா வந்து தங்கியிருந்தாள். அவள்தான் வாசலுக்குப் போனாள்.

"பாய் ஆறு மாசமா கேட்டுகினே இருந்தாரும்மா. இப்பதான் வலையில மாட்டிச்சி. தூக்கிப் போட மனசு வரல" என்றார் ரங்கசாமி.

"கேட்டவனே போய்ட்டான். இத்த வச்சிகினு நாங்க இன்னா பண்றது?"

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து குல்சும் சொன்னாள்: "வாங்கி வைங்கக்கா."

ஹனீப் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். அங்கே வெல்டிங் வேலை பார்த்த ஒருவரைப் பிடித்து இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி பதித்து, உப்புத் தண்ணீரில் துரு ஏறாமல் இருக்க உள்பக்கம் தார் பூசி, நாலடி நீளத் தொட்டி ஒன்றைக் கூடத்தில் வைத்திருந்தான். அதில் இரண்டு வண்ணத்துப்பூச்சி மீன்கள். உள்ளங்கை அகலம், கறுத்த முகத்தில் ஒரு வெள்ளைப் பட்டை, வாலில் சிவப்பு. குஞ்சாக வந்ததிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை. சனிக்கிழமைகளில் சந்தைக்கு மீன் கொண்டுவரும் ரங்கசாமி, முகத்துவாரத்தில் மொண்ட கடல் தண்ணீரை இரண்டு கேன்களில் கொண்டுவந்து கொடுப்பார். ஹனீப் போன பிறகும் அவர் நிறுத்தவில்லை. குல்சும் தண்ணீர் மாற்றினாள், இறால் நறுக்கிப் போட்டாள். வீட்டில் செய்வதற்கு வேறென்ன இருந்தது?

தினமும் சாயங்காலம் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்து ஹனீப் பேசிக்கொண்டே இருப்பான். அவள் அரிசி புடைத்தபடி 'ம்' கொட்டுவாள். நாலு வருஷமாக அப்படி. ஒரு மத்தியானம் ஸ்டோரில் நாற்காலியில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே போய்விட்டான். சண்டை இல்லை, மனத்தாங்கல் இல்லை. அவன் பேசினான், அவள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வாளி மீனை அவள் தொட்டியில் விட்டாள். விட்ட கொஞ்ச நேரத்தில் பழைய மீன்கள் இரண்டும் அதன்மேல் பாய்ந்தன. முதுகு முள்ளை விரித்துக்கொண்டு ஒன்று விரட்ட, மற்றொன்று கல்லுக்குப் பின்னால் மறித்துக் கடித்தது. மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்வதற்குள் புதியதன் துடுப்பு நார்நாராகிவிட்டது.

"செத்துப் போவும். நான் அப்பவே சொன்னேன்" என்றாள் நசீரா.

இதற்கு முன்பு இரண்டு தடவை ஹனீப் மூன்றாவது மீன் விட்டு, இரண்டு தடவையும் அது கடிபட்டுச் செத்தது குல்சுமுக்கு நினைவிருந்தது. அதற்கப்புறம் அவன் எதையோ கண்டுபிடித்துச் சொன்னான். பல நாள் சொன்னான். என்ன சொன்னான்? மீன்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. தன் காதின் மேல் வந்தது.

புதியதைச் சட்டியால் மொண்டு மறுபடி வாளியில் விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து யோசித்தாள். பீரோவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தகடு சாத்தியிருந்தது. அவன் வாங்கி வந்த அன்று "இது எதுக்கு?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு அவன் சொன்னதில் "பாத்துகினே இருக்கட்டும், கிட்ட வேணாம்" என்ற துண்டு மட்டும் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது.

கண்ணாடியை எடுத்துத் தொட்டியின் குறுக்கே இறக்கினாள். அளவெடுத்து வெட்டியதுபோல உட்கார்ந்தது. அடியில் தண்ணீர் போய்வர ஒரு விரல் சந்து. ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. பழையவை கண்ணாடியை முட்டின. பிறகு முட்டுவது குறைந்தது.

ஆனால் புதியது இறாலைத் தொடவில்லை. நாலாம் நாள் அதன் வயிறு ஒட்டிப்போயிருந்தது. அடுத்த சனிக்கிழமை ரங்கசாமி கேனை இறக்கிவைத்தபோது, குல்சும் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"அண்ணா, இது கடல்ல இன்னா துன்னும்?"

திரையைப் பார்க்காமல், தெருவைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "கல்ல ஒட்டிகினு இருக்கறத கொத்தும் பாயம்மா. தண்ணியில மெதக்கறத இதுக்குத் தெரியாது. மட்டி கொண்டாந்து தரேன். ஓட்டோட வுட்டுப் பாருங்க."

மறுநாளே, சந்தை இல்லாத நாளில், பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனார். வாய் பிளந்த மட்டிச் சிப்பியைக் கல் இடுக்கில் செருகினாள். மீன் வெகுநேரம் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு ஒரு கொத்து. நசீரா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"துன்னுதா?"

"துன்னுதுக்கா."

நசீரா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹனீப் அவளுக்குத் தம்பி. அதை இந்த வீட்டில் யாரும் அதிகம் நினைக்கவில்லை என்று குல்சுமுக்கு அப்போதுதான் பட்டது.

மூன்று வாரம் கண்ணாடி இருந்தது. எடுக்கும் நாளன்று காலையில் பழையவை இரண்டுக்கும் வயிறு நிறையப் போட்டாள். கல்லையெல்லாம் இடம் மாற்றி அடுக்கினாள். இதை அவன் சொன்னானா, அவளுக்கே தோன்றியதா என்பது நிச்சயமாகத் தெரியவில்லை. கண்ணாடியின் ஒரு முனையைத் தூக்கினாள். நசீரா மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

பழையவற்றில் பெரியது நேராகப் புதியதிடம் வந்தது. முள்ளை விரித்தது. தன் பழைய இடுக்கைத் தேடிக் காணாமல் திரும்பியது. அன்று முழுக்க விரட்டல் இருந்தது, கடி இல்லை. ஒரு வாரத்தில் மூன்றும் ஒரே மட்டியைக் கொத்தின. புதியது மட்டும் தூங்க மூலைக்குப் போய்விடும். அது கடைசிவரை மாறவில்லை.

இத்தா முடிந்தது. திருவள்ளூரில் கடை வைத்திருக்கும் குல்சுமின் அண்ணன் அப்துல் வாஹித் அழைத்துப் போக வந்தார். ஹனீபின் கம்பெனியில் பேக்கிங் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இங்கேயே இருக்கிறேன் என்றாள் குல்சும். அவர் கோபித்துக்கொண்டார். "நானும் கூட இருக்கேன்" என்று நசீரா சொன்ன பிறகுதான் போனார்.

அந்தச் சனிக்கிழமை ரங்கசாமி வந்தபோது குல்சும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கே வந்தாள்.

"மூணாவது ஒண்ணு எதுக்குன்னு உங்ககிட்ட எதாச்சும் சொன்னாராண்ணா?"

அவர் கேனை இறக்கிவைத்தார். "அதெல்லாம் சொல்லலம்மா. ஜோடியா மாட்டினா பிரிக்காம வுட்டுடு, தனியா நிக்கறது மாட்டினா மட்டும் கொண்டான்னாரு. அதான் நாளாயிட்ச்சி."

குல்சும் தலையாட்டினாள். அவருக்கு டீ போடுவதற்காக உள்ளே போய் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். தண்ணீர் கொதித்தது, தூள் போடவில்லை. நசீரா வந்து பார்த்துவிட்டு, அவள் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டாள். அவள் அழுது முடிக்கட்டும் என்று அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, டீயை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.