பச்சை வண்டி குறித்த விளக்கக் கடிதம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாக ஆரம்பிக்கவில்லை. என் தம்பி சாலையோரச் சோதனையில் லாரிகளைப் பார்க்கும் ஆய்வாளர். மேலதிகாரிக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தரச் சொல்லி இன்று காலை வந்தான். "நீதான் கதையெல்லாம் எழுதுறியேக்கா, இது ஒரு பக்கம்தானே." பல் வைத்தியரிடம் போய் யாரும் இப்படிச் சும்மா ஒரு பல்லைப் பிடுங்கித் தரச் சொல்வதில்லை.

முதல் வரி: 'அன்று காலை மேட்டுச் சாலையில் வெயில் ஏறத் தொடங்கியிருந்த'

வேண்டாம். கடிதத்தில் வெயிலுக்கு என்ன வேலை?

2.

[தெரிந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.] ஒவ்வொரு லாரி கம்பெனிக்கும் ஒரு ஆபத்து மதிப்பெண் உண்டு. சோதனையில் கோளாறு அகப்பட்டால் ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். ஏறினால் சிவப்பு, இறங்கினால் பச்சை. தம்பி வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்து, சிவப்பை நிறுத்துவான், பச்சையை விட்டுவிடுவான். எல்லா வண்டியையும் நிறுத்த முடியாது என்பதால் நல்ல ஏற்பாடுதான். கிண்டல் செய்யவில்லை.

ஆனால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வண்டி பார்த்தாக வேண்டும். மாலையில் கணக்குக்கு ஒன்று குறைந்தால், தம்பியும் கூட்டாளிகளும் எப்போதும் ஒரே கம்பெனியின் புது லாரியைப் பார்த்து நிறுத்துவார்கள். அடியில் படுத்துப் பார்க்கத் தேவையில்லை, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தக் கம்பெனியில் புதிது அது ஒன்றுதான், மற்ற எட்டும் கிழடு. மதிப்பெண்ணோ வண்டிக்கு இல்லை, கம்பெனிக்கு. அந்த ஒரு லாரியின் புண்ணியத்தில் ஒன்பதும் பச்சையாகிவிட்டன. யாரும் பொய் எழுதவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

3.

செவ்வாய்க்கிழமை வந்தது கிழட்டு லாரிகளில் ஒன்று. அதன் ஓட்டுநரை நான் பார்த்ததில்லை. முதலில் அவரைக் குடிகாரராக எழுதினேன், எங்களுக்கு வசதியாக இருந்தது. வெட்கமாகிப்போய் அழித்தேன். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார் என்று மட்டும் தம்பி சொன்னான்.

தம்பி அவரை நிறுத்தவில்லை. அவராகவே நிறுத்தினார்.

"சார், பிரேக் லேட்டாத்தான் பிடிக்குது. கொஞ்சம் பாருங்க."

"ஓனர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லியாச்சு. இந்த ஒரு லோடு போயிட்டு வான்னுட்டார். நீங்க எழுதிக் குடுத்தா வண்டியை இங்கயே போட்டுடலாம்."

தம்பி எண்ணைத் தட்டினான். பச்சை. பின்னால் ஒரு சிவப்பு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"உங்களுது நல்ல கம்பெனிங்க. ஒர்க்‌ஷாப்ல காட்டிக்குங்க. இப்ப வழியை விடுங்க."

அவர் வழியை விட்டார். நாலு கிலோமீட்டர் தள்ளி, இறக்கத்தில், லாரி தடுப்புச் சுவரில் மோதியது. அவருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. ஓட்டுநர் எந்தக் கோளாறும் சொல்லவில்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. கம்பெனி எழுதியது எடுபட்டால் வழக்கு அவர்மேல்தான்.

நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி தம்பியிடம் கேட்டிருக்கிறார். "சார், இவரு உங்ககிட்ட எதாவது சொன்னாரா?"

தம்பி பதில் சொல்லாமல் வந்துவிட்டான்.

4.

கடிதத்துக்கு இரண்டு முடிவுகள் வைத்திருக்கிறேன். முதலாவதில், மதிப்பெண் பச்சை, ஆகவே விதிப்படி அனுப்பினேன். ஒவ்வொரு வரியும் உண்மை. இரண்டாவதில் ஒரு வாக்கியம் கூடுதல்:

[ஓட்டுநர் தானாகவே வண்டியை நிறுத்தி பிரேக்கைப் பார்க்கச் சொன்னார், நான் பார்க்கவில்லை.]

படித்துக் காட்டினேன். "அதையும் போட்டுடுக்கா" என்றான். கொஞ்சம் கழித்து, "போடணுமா?" என்றான். பிறகு, "நீயே பாத்து எழுது, நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்று முகம் கழுவப் போய்விட்டான்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. பாரத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போகிறான். பள்ளிக்கூட நாளிலிருந்து அவனுடைய விடுப்புக் கடிதங்களை நான்தான் எழுதினேன். வலிக்காத வயிற்றுக்கெல்லாம் வலி எழுதியிருக்கிறேன். அவன் ஒருநாளும் படித்துப் பார்த்ததில்லை. இன்றைக்கும் பார்க்க மாட்டான்.

5.

அடைப்புக்குறியை மட்டும் எடுத்தால் தம்பியின் வேலை போகும், ஒருவேளை அதற்கு மேலும் ஆகும். உள்ளே இருப்பதோடு எடுத்தால், நினைவில்லாமல் கிடப்பவர் கண் விழிக்கும்போது குற்றவாளியாக இருப்பார். அந்த அம்மாவுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

குழாயை மூடுகிற சத்தம் கேட்கிறது. நான் எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இனி எதை அழிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், பேனாவைத் தேடிக்கொண்டு வருகிறான்.