அட்டையின் பின்பக்கம்

பள்ளிக்கூடச் சேர்க்கைத் தேர்வுக்கு நாமகிரி மிஸ் மேஜைமேல் பரப்பிய பன்னிரண்டு அட்டைகளையும் திரிஷா ஒன்று விடாமல் கவிழ்த்துப் போட்டாள். யானைக்கு யானை, புலிக்குப் புலி என்று ஜோடி சேர்க்கச் சொன்னால், மூன்றரை வயதுப் பெண் படத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் அட்டைகளின் வெள்ளை முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறாள். கடைசியில் யானையைக் கோழியோடு சேர்த்துவிட்டு, பெருமையாக அம்மா அம்சாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாப்பாவுக்கு இன்னும் மிருகமே அடையாளம் தெரியலைம்மா. அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க, சேத்துக்கலாம்" என்றார் மிஸ். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பில்தான் அம்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரிஷா ஏன் கவிழ்த்தாள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டுத் தறிக்கான டிசைன் அட்டையில் துளை போடுவது அம்சாவின் வேலை. எந்த நூல் எழும்ப வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்தத் துளைகள்தான். கழித்துப்போட்ட அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் இரண்டாக நறுக்கி, இரண்டு பாதியிலும் ஒரே மிருகத்தின் படத்தை ஒட்டியிருந்தாள். காசு கொடுத்து விளையாட்டுச் சாமான் வாங்குவானேன் என்ற கெட்டிக்காரத்தனம். வெட்டு துளைகளின் நடுவே போயிருந்தது. வீட்டில் இத்தனை நாளும் பெண் பின்பக்கத்தில் பாதித் துளையோடு பாதித் துளையைப் பொருத்தியே ஜோடி சேர்த்திருக்கிறது. இவளோ என் மகளுக்கு என்ன மூளை என்று வாலாஜாபாத் அக்காவரைக்கும் போன் போட்டுப் பீற்றிக்கொண்டிருக்கிறாள்.

வெட்கமாக இருந்தது. வெட்கத்தின் பின்னாலேயே வீம்பும் வந்தது. தடவியே ஜோடி கண்டுபிடிக்கிற பிள்ளைக்கா ஒன்றும் தெரியாது? சின்ன வயதில் அம்சாவையும் இப்படித்தான், அடுத்த வருஷம் என்று சொல்லி ஒரு பள்ளிக்கூட வாசலிலிருந்து அனுப்பினார்கள். நடவுக்குப் போகிற அம்மா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். அந்த அடுத்த வருஷம் வருவதற்குள் அம்சாவுக்கு எட்டு வயது.

"தப்பு எம்மேல மிஸ். நான் செஞ்ச அட்டையில பின்னாடி ஓட்டை இருக்குது. அத்தத் தடவித்தான் சேத்துக்கினு இருந்துக்குது. இன்னொரு வாட்டி வையுங்க."

"வெளியில பதினஞ்சு பேர் காத்திருக்காங்கம்மா."

"காத்துக்கினு இருக்கட்டும்."

மேஜையிலிருந்த அட்டைகளை வாரிக்கொண்டு அம்சா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். படம் மேலே தெரியும்படி பரப்பினாள்.

"பின்னாடி ஒண்ணும் இல்ல கண்ணு. மூஞ்சியப் பாரு."

திரிஷா ஓர் அட்டையின் விளிம்பைத் தடவினாள். துளை இல்லை. உதடு பிதுங்கியது. கதவைத் திறந்து யாரோ ஒருவர், "இன்னும் முடியலையா?" என்றார்.

"முடியல" என்றாள் அம்சா, திரும்பாமல்.

மிஸ் விண்ணப்பத்தின்மேல் பேனாவை வைத்தபடி நின்றார். திரிஷா ஓர் அட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கி, யானையின் சின்னக் கண்ணை உற்றுப் பார்த்தாள். அவளுடைய இன்னொரு கை, தரையில் கிடந்த பதினொரு அட்டைகளுக்கும் மேலே, எதையும் தொடாமல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.