நடுவில் நிறுத்தக்கூடாத வேலை

அந்த ப்ளக்கில் கை வைத்தால் கையை உடைத்துவிடுவேன் என்று நினைத்தாள். வாயில் வந்தது வேறு.

"அதை மட்டும் தொடாதீங்க."

குனிந்திருந்த குளிர்பெட்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அக்காவைப் பெட்டிக்குள் வைத்தாகிவிட்டது. மின்சாரம் கொடுப்பதுதான் பாக்கி. பெட்டியின் தடித்த ப்ளக் பொருந்துகிற இடம் அந்த முன்னறையில் ஒன்றே ஒன்றுதான். அதில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"பெட்டி ஓடணுமில்லம்மா?"

"ஓடணும். இதுவும் ஓடணும்."

வாசலில் யாருக்கோ ஃபோனில் தகவல் சொல்லிக்கொண்டிருந்த அண்ணன் உள்ளே வந்தான். அக்காவுக்குத் தம்பி, இவளுக்கு மூத்தவன். இரண்டு பேரையும் அதட்டிப் பழகியவன்.

"என்ன தகராறு இங்க?"

"ஹார்ட் டிஸ்க்குல வேலை நடக்குதுண்ணா. நடுவுல கரண்ட் போச்சுன்னா அக்கா எடுத்த வீடியோ எல்லாம் போயிடும்."

"போனா போகட்டும். போகக்கூடாதவளே போயிட்டா."

அவன் கண்கள் சிவந்திருந்தன. அவள் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கினாள்.

"வண்டியில நீளமான ஒயர் இருக்குமே? இங்கேருந்து இழுத்துக்குங்க."

ஒயர் சமையலறையிலிருந்து முன்னறை வரை பாம்பு மாதிரி கிடந்தது. பெட்டி உறுமத் தொடங்கியது. ஃப்ரிட்ஜில் இருந்த பாலையும் காய்களையும் எதிர்வீட்டுக்காரி பையில் அள்ளினாள்.

"உங்கக்கா இருந்திருந்தா இதைத்தான் செஞ்சிருப்பா. அவ ஃப்ரிட்ஜை என்னைக்குப் பெருசா நெனைச்சா? நல்லா இருந்தப்போ கெட்டுப்போன தயிரைத் தவிர ஒண்ணும் இருக்காது" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

தங்கை முன்னறைக்குத் திரும்பிவந்து கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் நீலப் பட்டை பாதியைத் தாண்டியிருந்தது.

அக்கா காது கேளாதவர்களின் பள்ளியில் ஆசிரியை. வேலையிலிருந்து நின்ற பிறகு, பழைய மாணவர்களைக் கூப்பிட்டு, ஒரு சொல்லுக்கு ஒரு வீடியோ என்று கைச்சைகை அகராதி ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். கடைசிச் சொல்லும் எடுத்தாகிவிட்டது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாக்கினால் பள்ளிகளுக்கு அனுப்பலாம். சேர்க்கப் போனபோது டிஸ்க்கில் இடமில்லை என்று வந்தது.

அதாவது, அக்காவின் பக்கத்தில் இடமில்லை. டிஸ்க்கை அக்கா முன்பே பிரித்து வைத்திருந்தாள். முதல் பகுதி கம்ப்யூட்டரின் சொந்த வேலைக்கு, நடுப்பகுதி தங்கைக்கு, கடைசிப் பகுதி தனக்கு. தங்கையின் பகுதியில் பாதியில் விட்ட ஒரு கணக்குப் படிப்பின் பாடங்கள், பாதியில் விட்ட தையல் வகுப்பின் படங்கள், அவ்வளவுதான். 'அரைவேலை' என்றுதான் அக்கா அவளைக் கூப்பிடுவாள். கோபத்தில் இல்லை, செல்லமாகவே. செல்லமாகச் சொல்வதுதான் இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று காலையில் அக்கா கட்டிலில் கிடந்தபடியே கையை அசைத்துக் கூப்பிட்டாள். பேச்சு இளைத்துப்போனதிலிருந்து இருவரும் பாதி சைகையில்தான் பேசிக்கொண்டார்கள்.

"உன் பக்கம் காலியாத்தானே கெடக்கு. அதைச் சுருக்கி என் பக்கம் கொடு."

"முதல்ல ஒரு பேக்கப் எடுத்துக்கலாம்க்கா."

"எதுல?"

பேக்கப் வைத்திருந்த வெளி டிஸ்க் போன மாதம் மேஜையிலிருந்து விழுந்து உயிரை விட்டிருந்தது.

"கடைக்குப் போய் புதுசு வாங்கிட்டு வரேன்."

"நீ வாங்கிட்டு வரதுக்குள்ள நான் கெளம்பிடுவேன்."

"சும்மா இரு அக்கா."

"சும்மாதான் இருக்கேன். நீ எழுந்திரு."

பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பி, தன் பகுதி முழுவதையும் அழிக்கப் போனாள். அக்கா தலையை அசைத்தாள்.

"அழிக்காத. சுருக்கு. உனக்கும் கொஞ்சம் இருக்கட்டும்."

"எனக்கெதுக்கு?"

"எதுக்காவது."

சுருக்குவது சில நிமிட வேலையாக முடிந்தது. கஷ்டம் அதற்குப் பிறகுதான். கிடைத்த காலியிடம் அக்காவின் பகுதிக்கு முன்னால் இருந்தது. பின்னால் இருந்திருந்தால் சட்டென்று ஒட்டிக்கொண்டுவிடும். முன்னால் என்பதால், அங்கே இருக்கிற அத்தனை வீடியோவும் துண்டு துண்டாக இடம்பெயர்ந்து முன்னே வர வேண்டும். 'நடுவில் நிறுத்தினால் தரவு முழுவதும் அழியலாம்' என்று எச்சரித்தது திரை. அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா கட்டைவிரலால் காற்றை அழுத்திக் காட்டினாள். அவள் பட்டனை அழுத்தினாள்.

பட்டை நகர ஆரம்பித்தது. அக்காவின் மூச்சு மாறியதை அவள் கேட்டாள். எழுந்துபோய்க் கையைப் பிடித்தாள். டாக்டர் சொல்லி வைத்திருந்த மாற்றம்தான் அது.

"என்னைப் பாக்காத" என்றாள் அக்கா. "அதைப் பாரு."

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த உயிர் போனபோது அவள் கண்கள் பட்டையின் மேல்தான் இருந்தன. இதை அண்ணனிடம் சொல்ல முடியாது. சொன்னால் மன்னித்தாலும் மன்னிப்பான். மன்னிக்க இதில் ஒன்றுமில்லை என்பதுதான் அவனுக்குப் புரியாது.

மதியத்துக்கு மேல் அக்காவின் மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். மாணவர்கள் என்றால் தலை நரைத்தவர்களும் உண்டு. தையல்கடைக்காரர் ஒருவர், பேக்கரியில் கேக் அலங்கரிக்கிற பெண், இரட்டையர்கள், கைக்குழந்தையோடு ஒரு தாய். பெட்டியின் கண்ணாடியைத் தொட்டுவிட்டு ஒவ்வொருவராக அவளிடம் வந்தார்கள். தையல்கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி சாவைப் பற்றி இல்லை. திரையைக் காட்டி, முடிந்ததா என்று கைகளால் கேட்டார். இன்னும் கொஞ்சம் என்று அவள் காட்டினாள். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்களும் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்த டிஸ்க்குக்குள் அவர்களும்தானே இருந்தார்கள்.

"என்ன, எல்லாரும் கிரிக்கெட் பாக்கற மாதிரி உக்காந்திருக்காங்க?" என்றான் அண்ணன்.

பொழுது சாய்ந்த பிறகு ஒருமுறை விளக்கு மங்கி எரிந்தது. சமையலறை ஒயர், பெட்டி, மின்விசிறி எல்லாம் சேர்ந்த பாரம். அவள் பாய்ந்து மின்விசிறியை அணைத்தாள். பேக்கரிப் பெண் ஓடிப்போய் விளக்கை அணைத்தாள். இருட்டிய அறையில் திரை மட்டும் வெளிச்சமாக நின்றது. வியர்வை கழுத்தில் வழிந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

பட்டை நிறைந்தது.

திரை கறுத்தது. தானாக மறுபடி கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை. அக்காவின் பத்து வருஷத்தை ஒரு பட்டனில் துடைத்துப் போட்டவள் என்று இனி இந்த அறையில் எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டும். ஒரு கோடு மினுக்கியது. அப்புறம் பழக்கமான முகப்பு வந்தது. அக்காவின் பகுதியைத் திறந்தாள். இடமில்லை என்று காட்டிய பழைய சிவப்புக் கோடு போய், பாதிக்குமேல் வெள்ளையாகக் கிடந்தது இடம்.

உள்ளே போய், கைக்கு வந்த ஒரு வீடியோவைத் தட்டினாள். 'சோம்பேறி' என்ற சொல். அக்கா திரையில் வந்தாள். கன்னத்தைத் தொங்கவிட்டு, கண்ணைச் செருகி, நிற்கவே தெம்பில்லாதவளைப் போல் கையை இழுத்து இழுத்து அந்தச் சொல்லைச் செய்தாள். கடைசியில் தானே சிரித்துவிட்டாள். கேமராவைப் பிடித்திருந்தவனும் சிரித்திருக்க வேண்டும், படம் ஆடியது.

அறையில் ஒருவர் கையைத் தூக்கினார். பிறகு எல்லோரும். தலைக்கு மேலே உயர்த்தி, விரல்களை விரித்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி ஆட்டினார்கள். காது கேளாதவர்கள் கை தட்டுவது அப்படித்தான். சத்தமே இல்லை. பெட்டியின் உறுமலுக்கு மேலே அத்தனை கைகளும் காற்றில் மின்னின. அழுதுகொண்டே ஆட்டினார்கள். இரட்டையர்கள் சிரித்துக்கொண்டே. அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சாவு நடந்த நாளில் இப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

வாசலில் புதிதாக வந்த உறவினர்கள் செருப்பைக் கழற்றாமல் நின்று பார்த்தார்கள். அண்ணன் வேகமாக அவள் காதருகே வந்தான்.

"என்ன கூத்து இது? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? கையை எறக்கச் சொல்லு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்குத்தானே அவங்க பாஷை தெரியும். செத்த வீடுன்னு சொல்லு."

"அவங்களுக்குத் தெரியும்ணா."

"சொல்லுன்னா சொல்லு."

"மாட்டேண்ணா."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். பின்வரிசையில் இருப்பவர்களுக்கு மறைக்காதபடி நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த சொல்லைத் திறந்தாள்.